வெட்டாமல் வைத்த பின்னம்

என் கணவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பாத ஆள். தாம்பரம் மார்க்கெட்டில் நின்றுகொண்டு கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்பதற்குக்கூட, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித்தான் அனுப்புவார். "பேசி அனுப்பினா என்னங்க, விரல் தேஞ்சிடப் போகுது" என்று சொன்னால், "பேசணும்னா போன் பண்ணிப் பேசுவேன். நடுரோட்டுல நின்னு எனக்கு நானே பேசிக்க நான் என்ன லூசா?" என்பார். அப்போது பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். நாள் முழுக்கப் பேசி அலுத்த மனுஷன் என்று நானும் விட்டுவிட்டேன்.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்று பிறகுதான் தெரிந்தது. தொண்டையில் புற்று வந்து, உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி, எடுத்தும் விட்டார்கள். உயிர் பிழைத்தார். இப்போது கழுத்தின் அடியில் உள்ள சின்னத் துவாரம் வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டியிருப்பார். வாய் அசையும், சத்தம் வராது. உதடு பார்த்துப் புரிந்துகொள்ள நான் பழகிவிட்டேன். நீளமாகச் சொல்ல வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவார். கழுத்தில் வைத்து அழுத்தினால் குரல் கொடுக்கும் கருவி ஒன்றை மருத்துவமனையில் வாங்கச் சொன்னார்கள். அதை ஒரு வாரம் உபயோகித்தார். எல்லா வார்த்தையும் ஒரே சுருதியில் கொரகொரவென்று வந்தது. அலமாரியில் வைத்துவிட்டார்.

அவருடைய குரலைத் தேடி வீடு முழுக்கப் புரட்டினேன். அக்கா மகள் கல்யாண வீடியோவில், யாரையோ பார்த்து "சாப்டுட்டுப் போங்க" என்று சொல்வது ஓர் இடத்தில் கேட்கிறது. அவ்வளவுதான். நான் கேட்க ஆசைப்பட்டது அதுவும் இல்லை. அவர் பாடுவதை.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தாம்பரத்தில் எங்கள் சபையின் கொயரில் அவர் பேஸ் பாடினார். நாலு குரலில் அடியில் ஓடுகிற, தடித்த ஆண் குரல். எனக்குப் பாட்டு சுத்தமாக வராது. நான் கூடப் பாடினால் பக்கத்தில் நிற்பவர்கள் பக்கம் மாறிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நாலாவது பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, அந்த நாலு குரலுக்குள் அவர் குரல் மட்டும் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். கண்டுபிடித்துவிட்டால் பாட்டு முடியும் வரை விடமாட்டேன். எனக்குத் தெரிந்த பக்தி அதுதான். இப்போதும் அதே பெஞ்சில் உட்காருகிறேன், காது பழக்கத்தில் தேடுகிறது, ஒன்றும் அகப்படுவதில்லை. அவர் பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதே அவருக்காக ஏங்குவது எப்படி என்று யாரிடமும் விளக்க முடியவில்லை. விளக்கப் போனால், "ஆள் பொழச்சாரே, அதுக்கு ஆண்டவரை ஸ்தோத்திரி" என்பார்கள். ஸ்தோத்திரிக்காமலா இருக்கிறேன்.

போன தவக்காலத்தில் கொயர் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். என் கணவரைவிடப் பத்து வயது சின்னவர். வந்து உட்கார்ந்ததும், "அக்கா, லாக்டவுன்ல நாங்க வீட்டுல இருந்தபடியே ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணோமே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. ஊரடங்கில் சர்ச் பூட்டியிருந்த சமயம். மாஸ்டர் கீபோர்டில் வாசித்து, குரலுக்கு ஒருவராக நாலு பேருக்கு அனுப்பினார். அதை ஒரு காதில் மாட்டிக்கொண்டு அவரவர் குரலை அவரவர் போனில் பாடிப் பதிய வேண்டும். என் கணவர் சத்தமில்லாத இடம் தேடி, எங்கள் அடுக்குமாடியின் கீழே நிறுத்தியிருந்த காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடினார். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். நாலு குரலையும் ஒன்றாகச் சேர்ப்பதற்குள் ஊரடங்கு தளர்ந்து சர்ச் திறந்துவிட்டது. நேரிலேயே பாட முடிந்த பிறகு போன் பாட்டை யார் நினைப்பார்கள்.

"அந்த நாலு ஃபைலும் கீபோர்டும் என் பழைய போன்ல அப்படியே கிடக்குக்கா. நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே. சேர்த்துக் குடுங்க. கொயர் சண்டே அன்னிக்கு சர்ச்சுல போட்டுடலாம். அண்ணன் குரல சபை கேக்கட்டும்."

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பாக்கம் ஏரியில் அப்போது ஆகாயத்தாமரைதான் தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை. அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் ஃபைல்களை வாங்கிக்கொண்டேன்.

சேர்த்துக் கொடுக்க எத்தனையோ மென்பொருள் இருக்கிறது. ஆனால் நான் இருபது வருஷத்துக்கு மேல் புரோகிராம் எழுதுகிறவள். என் வீட்டுக்காரர் குரலை எவனோ எழுதியதில் போட்டுக் கலக்க மனசு வரவில்லை. கொஞ்சம் திமிர் என்றும் வைத்துக்கொள்ளலாம். நானே எழுதினேன். தொடக்கத்தில் நாலு பேரும் ஒருமுறை கை தட்டியிருந்தார்கள். அந்தக் கைத்தட்டை வைத்து ஆரம்பத்தைச் சேர்த்துவிடலாம். ஒரே ஒரு சிக்கல்தான். போன், குரலைப் பதியும்போது ஒவ்வொரு நொடியையும் ஆயிரக்கணக்கான துணுக்குகளாக நறுக்கி வைக்கிறது. மற்ற மூவருடைய போனிலும் நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துணுக்கு. இவருடையது பழைய போன். நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு. மற்றவர்களோடு சேர வேண்டுமானால் இவருடைய ஒவ்வொரு 147 துணுக்கையும் 160 துணுக்காக இழுத்து விரிக்க வேண்டும். அந்த விகிதத்தில் விரித்தேன். லேப்டாப்பில் போட்டுக் கேட்டோம்.

மூன்று குரல் கேட்டது. பேஸ் கேட்கவே இல்லை. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. என் கணவர் சிரித்துவிட்டு லேப்டாப்பின் விளிம்போரம் இருந்த ஸ்பீக்கர் ஓட்டைகளைக் காட்டினார். இத்தனூண்டு ஸ்பீக்கரில் பேஸ் எப்படி வரும். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் லீவ் போட்டேன், இரண்டு பேரும் பல்லாவரம் சந்தைக்குப் போனோம். பழைய டி.வி., மிக்ஸி, ஒயர் மூட்டை எல்லாம் தரையில் பரப்பி வைத்திருந்த ஒரு கடையில், காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்ஃபோன் ஒன்று கிடந்தது. இவர் அதை எடுத்துக் காதில் வைத்து, போனில் போட்டுப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டார். கடைக்காரர் செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டே பார்த்தார்.

"இன்னா சார், கைய கைய ஆட்டிகினு கீற? வாயத் தொறந்து கேளு."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "வாயத் தொறந்து கேக்க முடிஞ்சா உங்ககிட்ட வந்து நிப்போமா?" என்று ஆரம்பித்தேன். என் குரலுக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பினார்கள். இவர் என் கையை அழுத்தினார். பிறகு கழுத்துத் துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். கடைக்காரர் செல்லைக் கீழே வைத்தார்.

"மன்ச்சிக்க சார். தெர்லை." அவரே ஒயரைத் துடைத்துச் செருகிக் கொடுத்தார். "பாட்டு கேக்கவா சார்?"

இவர் தலையாட்டினார். "அவர் பாட்டுதான்" என்றேன் நான். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னதும் எனக்கே கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பேரம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் நான்தான் மாட்டிக்கொண்டேன். கைத்தட்டு நாலும் ஒன்றாக விழுந்தது. கீபோர்டு நகர்ந்தது. அடியிலிருந்து அவர் குரல் வந்தது. எத்தனை நாளாயிற்று. முதல் சரணம் முழுக்க நான் அழுதுகொண்டேதான் கேட்டேன். ஆனால் இரண்டாவது சரணத்தில் என்னவோ நெருடியது. மூன்றாவதில் தெளிவாகவே தெரிந்தது: அவர் மற்றவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கடைசி ஆமெனில் மற்ற மூவரும் இன்னும் பாடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும்.

அவரிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். கேட்கக் கேட்க நெற்றி சுருங்கியது. முடிந்ததும் போனை எடுத்துத் தட்டினார். "நான் ஓட மாட்டேன்."

எனக்குப் பாட்டு வராதே தவிர, அது உண்மை என்று தெரியும். பேஸ் ஓடினால் கட்டடம் ஆடும் என்று புதுசாகச் சேருகிற பையன்களைத் திட்டுகிறவர் அவர். மாஸ்டருக்கு அனுப்பினேன். அவர் கூப்பிட்டார்.

"நல்லா வந்திருக்குக்கா. அண்ணன்தான் அன்னிக்குக் கொஞ்சம் அவசரமா பாடிட்டார் போல. காருக்குள்ள புழுக்கம் இல்ல?" பிறகு தயங்கி, "பேஸ் இல்லாம மத்த மூணு குரல மட்டும் போட்டுடலாமா? கேக்குறதுக்கு நீட்டா இருக்கும்" என்றார்.

"அவர் இல்லாம எதுக்கு மாஸ்டர் அந்தப் பாட்டு?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் நின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியிருக்கிறேன், எல்லாம் கேட்டிருக்கிறது. துணி மடிக்கப் போய்விட்டார். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பாட்டு, அதிலும் அவர் தாளம் தவறினவர் என்று சபைக்கு முன்னால் ஆகப்போகிறது, அல்லது அவர் இல்லாமலே ஆகப்போகிறது. அது நடக்கக் கூடாது என்று எனக்கு வைராக்கியம் வந்தது.

என் வேலை என்ன என்று இங்கே சொல்லவேண்டும். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில், மருந்து தயாரிக்கிறவர்கள் மூலப்பொருளை எடை போடும் தராசுகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். அங்கே சேருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் வாரம் நான் ஒரு பிரசங்கம் வைப்பேன். கம்ப்யூட்டரிடம் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள், 0.30000000000000004 என்று காட்டும். ஒன்றை மூன்றால் வகுத்தால் நமக்கு 0.333 என்று முடிவே இல்லாமல் போகிறதல்லவா, 0, 1 என்ற இரண்டே இலக்கம் தெரிந்த கம்ப்யூட்டருக்குப் பத்தில் ஒன்று அப்படித்தான் போகும். ஓர் இடத்தில் நறுக்கிவிட்டு மீதியை மறந்துவிடும். அதனால் மருந்து எடையைச் சாதாரண தசம வகையில் வைக்காதீர்கள். எத்தனை இலக்கம் கேட்டாலும் வைத்துக்கொள்கிற டெசிமல் வகை இருக்கிறது, அதில் வையுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி என் பெயரே ஆபீசில் டெசிமல் மேடம். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே வீட்டில் என் முதல் சந்தேகமும் அங்கேதான் போனது. 160-ஐ 147-ஆல் வகுத்தால் தசமத்தில் முடிவே கிடையாது. அவசரத்தில் நான் சாதாரண வகையில் போட்டிருந்தேன். டெசிமலுக்கு மாற்றி ஐம்பது இலக்கம் வைத்தேன். அப்போதும் ஆமெனுக்கு அவரே முதலில் போய்ச் சேர்ந்தார். நூறு இலக்கம் வைத்தேன். லேப்டாப் சூடானதுதான் மிச்சம். அவர் பின்னால் வந்து நின்று தோளில் கை வைத்து, விடு என்று உதட்டால் சொன்னார். "விட மாட்டேன். நீங்க போய் டீ போடுங்க" என்றேன். போட்டுக் கொண்டுவந்தார், சர்க்கரை இல்லாமல்.

விடை ஆபீசில் கிடைத்தது, அதுவும் என் வாயிலிருந்தே. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுதியதை எல்லோரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மருந்துக்குப் பத்துப் பன்னிரண்டு பொருள் கொட்ட வேண்டும். அவள் ஒவ்வொன்றையும் எடை போட்டதும் கடைசி இலக்கங்களை வெட்டிவிட்டு, பிறகு கூட்டியிருந்தாள். நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"வழியில வெட்டாதம்மா. எவ்ளோ துல்லியமா அளந்தாலும் நடுவுல வெட்டினா பிரயோஜனம் இல்ல. ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் ஒண்ணும் தெரியாது. அதெல்லாம் ஒரே பக்கமா சேர்ந்துகிட்டே போகும். கடைசியில பாத்தா..."

அத்தோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் பயந்து போய், "மேடம், மாத்திடறேன் மேடம்" என்றாள்.

"நீ மாத்து. நானும் ஒண்ணு மாத்தணும்" என்று எழுந்தேன். ஸ்கூட்டரில் கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும்போது கணக்கை மனசிலேயே போட்டுப் பார்த்தேன். நான் அவர் குரலை ஆயிரம் ஆயிரம் துணுக்காகக் கட்டுக் கட்டி விரித்திருந்தேன். ஓர் ஆயிரம் விரிந்தால் 1088 துணுக்கும், கூடவே ஒரு துணுக்கில் 147-க்கு 64 பங்கும் வரும். அரைத் துணுக்கு, கால் துணுக்கு என்று ஒன்று கிடையாது. அதனால் ஒவ்வொரு கட்டிலும் அந்தச் சில்லறையை வெட்டி எறிந்திருக்கிறேன். ஐம்பது இலக்கத்துக்குத் துல்லியமாகக் கணக்குப் போட்டு, போட்ட கையோடு எறிந்திருக்கிறேன். வெட்டியது வேறு யாருமில்லை, ஆபீசிலிருந்து நான் கொண்டுவந்து ஒட்டிய என்னுடைய சின்ன ஃபங்ஷன், நாலு வரிப் புரோகிராம். தராசு காட்டாத எடை எடையே இல்லை என்பது எங்கள் தொழில் வழக்கம். அதற்காக எழுதியது அது. தராசுக்குச் சரி. குரலுக்கு அது எப்படிச் சரியாகும். ஐந்து நிமிஷப் பாட்டில் பதிமூன்றாயிரத்துச் சொச்சம் கட்டு. கட்டுக்கு அரைத் துணுக்குக்கும் குறைவாகத் தொலைந்து தொலைந்து, முடிவில் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. அவ்வளவு தூரம் அவரை ஓட வைத்தவள் நான். பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்போடு உட்கார்ந்தேன். இந்த முறை டெசிமலும் வேண்டாம் என்று, பின்ன வகையை எடுத்தேன். அது வகுக்கவே வகுக்காது. மேலே ஒரு முழு எண், கீழே ஒரு முழு எண். எவ்வளவு நீளமானாலும் அப்படியே வைத்துக்கொள்ளும். ஒரு கட்டில் மிஞ்சிய 147-க்கு 64-ஐ எறியாமல் அடுத்த கட்டோடு கூட்டினேன், அதில் மிஞ்சியதை அதற்கடுத்ததோடு. ஒரு முழுத் துணுக்கு சேர்ந்ததும் அதை அவர் குரலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. மீதி என்ன என்பதைத் திரையில் ஒவ்வொரு கட்டுக்கும் காட்டச் சொன்னேன். எண்கள் மேலே ஏறிக்கொண்டே போயின. நூற்று நாற்பத்தேழாவது கட்டில் மீதி பூஜ்யம் என்று காட்டியது. ஏறக்குறைய பூஜ்யமில்லை, சுத்தமான பூஜ்யம். மறுபடி 64-இலிருந்து ஆரம்பித்து மறுபடி பூஜ்யம். இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு பூஜ்யத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவர் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை, விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இழுத்து வந்து உட்கார வைத்தேன். "நீங்க ஓடல. நான்தான்" என்று சொல்லி ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சரணம். இரண்டாவது. நெற்றி சுருங்கவில்லை. மூன்றாவதில் விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. ஆமென் முடிந்து, அவர் கண்ணைத் திறந்து, சரி என்று உதட்டால் சொன்னார். ஹெட்ஃபோனை வாங்கி நானும் கேட்டேன். நாலு குரலும் ஒன்றாக ஏறி ஒன்றாக நின்றன. நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து தேடுவதைப் போலத் தேடவே வேண்டியிருக்கவில்லை, அடியில் அவர் இருந்தார். மாஸ்டருக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் போனில் தட்டினார்.

"இன்னொரு தடவை போடு. என் குரலை எடுத்துட்டுப் போடு."

எனக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. "எடுக்கறதுக்கா இத்தனை நாள் மாடு மாதிரி உழைச்சேன்? மாஸ்டர் சொன்னதையே நீங்களும் சொல்றீங்க. எனக்கு இந்தக் குரல் வேணுங்க. சர்ச்சுக்கு வேண்டாம்னா போகுது, எனக்கு வேணும்."

அவர் காத்திருந்தார். நான் ஓய்ந்ததும் மறுபடி தட்டினார். "அது உனக்கு. உன்கிட்டயே இருக்கட்டும். எனக்குக் கேட்டது போதும், பாடணும்."

திரையில் நாலு குரலும் நாலு வரிசையாக, ஏறி இறங்கும் அலைகளாகத் தெரிகிற பக்கத்தைத் திறந்தேன். அடியில் இருந்த அவருடைய வரிசையை ஊமையாக்கினேன். சத்தம்தான் போகும், அலை மங்கலாக அங்கேயே இருக்கும். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். கொயரில் நிற்பது போலக் காலைச் சற்று அகட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஹெட்ஃபோன் அவர் காதில் இருந்ததால் எனக்குக் கீபோர்டும் கேட்கவில்லை, மற்ற மூவரும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம்தான்.

திரையில் அவருடைய அலை எழுந்த இடத்தில் அவர் வாய் திறந்தது. அலை இறங்கின இடத்தில் மூடியது. நான் திரையைப் பார்ப்பேன், அவர் வாயைப் பார்ப்பேன். என் கண்ணுக்குத் தெரிந்தவரை ஓர் இடத்திலும் பிசகவில்லை. கழுத்துத் துணியின் அடியிலிருந்து காற்று வெளியேறும் சத்தம் மட்டும், வரிக்கு ஒரு முறை, எனக்குக் கேட்டது. அவருடைய பாட்டு இப்போது அவ்வளவுதான், அதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆமென் வந்தது. அந்த ஆ நீளமானது. முன்பெல்லாம் மற்றவர்கள் நடுவில் மூச்சைத் திருடிக்கொள்வார்கள், இவர் ஒரே மூச்சில் பிடிப்பார். திரையில் அவர் அலை தடித்து நீண்டு போய்க்கொண்டிருந்தது. துணி ஒருமுறை உப்பிப் படிந்தது. குரல்வளை தடுக்காத காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. பாதி அலைகூடத் தாண்டவில்லை, மூச்சு முடிந்துவிட்டது. அவர் மறுபடி மூச்சு இழுக்கவில்லை. மூச்சில்லாமல், முகம் சிவக்க, வாயைத் திறந்தபடியே நின்றார், திரையில் அலை முடிகிற இடம் வரைக்கும்.